தீயின் முன் யார் நிற்பது?

ஆம்ஸ்டர்டாம் நகரில் வாழ்ந்த யான் வான் டெர் ஹெய்டன் தொழிலால் ஓவியர். அவர் ஒரு சுவரைத் தீட்டினால் அதிலுள்ள செங்கற்களை எண்ணிவிடலாம். அத்துணைப் பொறுமை வாய்ந்த கை அவருடையது. இளமைப் பருவத்தில், 1652-ஆம் ஆண்டில், அந்நகரின் பழைய நகர்மன்ற மாளிகை தீக்கிரையானதை அவர் நேரில் கண்டார். கைக்குக் கை மாறி வந்த வாளித் தண்ணீர் நெருப்பின் ஓரத்தைக்கூட நனைக்காமற் போனது அவர் மனத்தை விட்டு அகலவில்லை போலும். இருபது ஆண்டுகள் கழித்து, 1672-ஆம் ஆண்டில், தம் சகோதரர் நிக்கோலாசுடன் சேர்ந்து, தோலைத் தைத்துச் செய்த மடங்கும் குழாயொன்றைத் தீயணைக்கும் இறைபொறியோடு இணைத்துக் காட்டினார். நம் தீயணைப்பு நிலையங்களில் 'ஹோஸ்' என்று வழங்கும் குழாயின் பிறப்பு அதுவே.

அதற்கு முன்னர், இறைபொறியின் விறைத்த குழல் வீதியில் நின்றபடியே நீரைப் பீச்சும். வீட்டின் உள்ளறையில் எரியும் நெருப்புக்கு அந்நீர் எட்டாது. மடங்கும் குழாய் வந்த பின்னரோ, மனிதன் அதைத் தோளில் சுமந்து, படியேறி, வாசல் கடந்து, நெருப்பின் வேர் எங்கேயோ அங்கேயே நீரைச் சொரிய முடிந்தது. ஓவியரின் குழாய் மனிதனைத் தீயின் அருகே அழைத்துச் சென்றது. மூன்றரை நூற்றாண்டுகள் கடந்து இன்று பொறியியல் வல்லுநர்கள் அதே குழாயைக் கொண்டு செய்ய முயல்வது இதற்கு நேர்மாறானது. குழாய் மட்டும் தீயின் அருகே செல்லட்டும், மனிதன் எட்டி நிற்கட்டும் என்பதே அவர்கள் கருத்து. சிறப்பாகக் காட்டுத்தீயை வளைத்து நிறுத்தும் பணியில் இம்முயற்சி எவ்வளவு தூரம் வந்திருக்கிறது, எங்கே தடுக்கி நிற்கிறது என்பதை வாசக அன்பர்களோடு சேர்ந்து இங்கே காண விழைகிறோம்.

மனிதன் ஏன் எட்டி நிற்க வேண்டும்? ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், பாலரட் நகருக்குத் தென்மேற்கே, லிண்டன் என்றொரு சிற்றூர் உண்டு. 1998-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 2-ஆம் நாள் அவ்வூரை அடுத்த காட்டில் தீ மூண்டது. அந்நாட்டின் சிற்றூர்களில் இத்தகைய தீயை அணைக்க வருவோர் பெரும்பாலும் ஊதியம் பெறாத தொண்டர்கள். தச்சர், ஆசிரியர், கடைக்காரர் என்று அவரவர் தொழிலை அப்படியே விட்டுவிட்டுத் தண்ணீர் வண்டியில் ஏறி வருபவர்கள். அன்று மாலை ஜீலாங் நகரத்துத் தொண்டர்களின் இரு வண்டிகள், தீர்ந்துபோன நீரை நிரப்பிக்கொள்ளக் காட்டுப்பாதை வழியே சென்றுகொண்டிருந்தன. அவ்வேளையில் காற்று திடீரெனத் திசை மாறிற்று.

காற்று திசை மாறினால் என்ன நேரும் என்பதை விளக்க வேண்டும். ஓடும் காட்டுத்தீக்குப் பாம்பைப்போல் ஒரு தலையும் இரு விலாக்களும் உண்டு. காற்று தள்ளும் பக்கம் தலை விரைந்து பாயும். விலாக்கள் மெல்ல எரியும். தீயணைப்போர் பெரும்பாலும் விலாப்பக்கம் நின்றே வேலை செய்வர். காற்று பக்கவாட்டில் திரும்பிவிட்டால், பல கிலோமீட்டர் நீண்ட அந்த விலா முழுவதும் ஒரே கணத்தில் தலையாகிவிடும். லிண்டனில் நேர்ந்தது அதுவே. ஒரு வண்டியில் கொஞ்சம் நீர் மீதமிருந்தது. அதைத் தங்கள் மேலேயே தெளித்துக்கொண்டு அதிலிருந்தோர் உயிர் தப்பினர். மற்ற வண்டியில் போதிய நீர் இல்லை. அதிலிருந்த ஐவரும் மாண்டனர்.

ஐந்து குடும்பங்களின் மாலை வேளை அது. இதை எழுதும்போது, எந்திரத்தின் விலையைப்பற்றிப் பேசுவோரிடம் நாம் முதலில் சொல்ல வேண்டியது இந்த ஒரு செய்தியே என்று நமக்குத் தோன்றுகிறது.

காட்டுத்தீயோடு போராடுவோர் சுடரின் நீளத்தைக் கொண்டு தம் வலிமையை அளந்து வைத்திருக்கிறார்கள். அமெரிக்க வனத்துறையினர் பின்பற்றும் கணக்கு இது. சுடர் 4 அடிக்குள் இருந்தால், மண்வெட்டியும் கோடரியும் ஏந்திய ஆட்கள் தீயின் தலையையே நேரில் தாக்கலாம். 4 முதல் 8 அடி வரையில் ஆட்களால் இயலாது. தண்ணீர் வண்டியும் மண்தள்ளும் எந்திரமும் வேண்டும். 8 அடியைத் தாண்டினால் அவையும் திணறும். 11 அடிக்கு மேற்பட்ட சுடரை அதன் தலைப்பக்கம் நின்று தடுக்க எம்முயற்சியாலும் ஆகாது. பைன் மரங்களின் உச்சிக்கு ஏறிவிட்ட தீயோ நூறடிக்கு மேலும் எழும். மேட்டு நிலமாயின் இன்னும் மோசம். சரிவு பத்துப் பாகை கூடுந்தோறும் தீயின் வேகம் ஏறத்தாழ இருமடங்காகும் என்பர். 2013-ஆம் ஆண்டு ஜூன் 30-ஆம் நாள் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் யார்னல் என்னும் ஊரருகே, தேர்ந்த பயிற்சி பெற்ற 19 வீரர்களைத் தீ வளைத்துக் கொன்றதும் காற்று திரும்பிய ஒரு மாலையில்தான்.

குழாயைக் கையில் பிடிப்பதிலும் ஓர் எல்லை உண்டு. நீர் முன்னே பாய்ந்தால் குழல்முனை பின்னே உதைக்கும். பள்ளியில் நாம் படித்த நியூட்டனின் மூன்றாம் விதி இது. வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஏழு மடங்கு அழுத்தத்தில் நிமிடத்திற்கு 500 லிட்டர் நீர் வெளிவருமானால், ஏறக்குறைய 30 கிலோ எடை நம்மைப் பின்னுக்குத் தள்ளும். இருவர் முழங்காலிட்டுப் பிடித்தால் சமாளிக்கலாம். அதே அழுத்தத்தில் நிமிடத்திற்கு 3,000 லிட்டர் என்றால் உதை 180 கிலோவுக்கு மேற்படும். எந்த மனிதக் கையும் அதை அடக்காது. ஆகவே பெருநீரைத் தொலைதூரம் எறிய வேண்டுமெனில், குழல்முனையை ஒரு வண்டியிலோ தரையிலோ பூட்டியே ஆக வேண்டும். இதைத்தான் தண்ணீர்ப் பீரங்கி என்கிறோம். பூட்டிய பின் அதை இடம் வலம் திருப்பவும், மேல் கீழ் அசைக்கவும், நீரை ஈட்டிபோல் எறியவும், பனித்தூறல்போல் விரிக்கவும் சிறு மின்விசைகள் போதும். மின்விசை வந்துவிட்டால், அதை இயக்கும் கை பக்கத்தில் இருக்க வேண்டிய தேவையே இல்லை. தொலைவிலிருந்து இயக்கும் குழாய் பிறந்த வழி இதுதான்.

இதன் எளிய வடிவம் காட்டுத்தீ வண்டிகளின் முன்புறத் தடுப்பில் பொருத்திய சிறு பீரங்கி. முற்காலத்தில் வண்டி ஊர்ந்து செல்ல, வீரர் ஒருவர் குழாயோடு அதன் பக்கத்தில் நடந்தோ பின்படியில் நின்றோ நீர் பீச்சுவார். புகையில் இடறி அதே வண்டிச் சக்கரத்தில் சிக்கும் அபாயம் அவருக்கு உண்டு. இப்போது ஓட்டுநர் அறைக்குள் இருந்தபடியே ஒரு சிறு பிடியை அசைத்துப் புல்வெளித் தீயின் விலாவை நனைத்துக்கொண்டே செல்கிறார்கள். கேட்பதற்குச் சிறு மாற்றந்தான். ஆயினும் உள்ளபடி உயிர்காத்த மாற்றம் இதுவென்றே நாம் கருதுகிறோம்.

அடுத்த வடிவம் தானே ஊர்ந்து செல்லும் எந்திரம். இதைப்பற்றிச் சொல்லும்போது, காட்டை விட்டு ஒரு பேராலயத்திற்குள் நுழைய நேரிடுகிறது. வாசகர்கள் பொறுத்தருள்க, ஏனெனில் அங்கும் எரிந்தது ஒரு காடே. பாரிஸ் மாநகரின் நோத்ர் தாம் பேராலயக் கூரையைத் தாங்கி நின்ற மரச்சட்டங்களை அவ்வூரார் 'காடு' என்றே அழைத்து வந்தனர். இடைக்காலத்தில் நூற்றுக்கணக்கான கருவாலி மரங்களை வெட்டி அமைத்த கூட்டம் அது. 2019-ஆம் ஆண்டு ஏப்ரல் 15-ஆம் நாள், புனித வாரத்துத் திங்கட்கிழமை மாலையில், அந்தக் காடு பற்றிக்கொண்டது. ஏறக்குறைய 400 தீயணைப்பு வீரர்கள் திரண்டனர். அப்படையின் ஆன்மகுரு அருட்திரு ழான்-மார்க் ஃபூர்னியே அவர்களும் உள்ளே சென்று நற்கருணையையும் நம் ஆண்டவரின் முள்முடியையும் மீட்பதில் பங்குகொண்டதை நம் இல்லங்களில் பலரும் அறிவர். ஆனால் அன்றிரவு உள்ளே சென்ற மற்றொரு வீரனைப்பற்றி அறிந்தோர் சிலரே.

இரவு எட்டு மணியை நெருங்குகையில் பேராலயத்தின் கூர்ங்கோபுரம் சாய்ந்து, கல்வளைவைத் துளைத்துக்கொண்டு உள்ளே வீழ்ந்தது. எரியும் சட்டங்களும் உருகிய ஈயமும் நடுக்கூடத்தில் விழுந்தவண்ணம் இருந்தன. எஞ்சிய வளைவு எப்போது இடியும் என்று யாராலும் சொல்ல இயலவில்லை. படைத்தலைவர் ஜெனரல் ஜான்-க்ளோட் காலே தம் வீரர்களை அங்கிருந்து வெளியேற்றினார். அவர்களுக்குப் பதிலாக 'கொலோசஸ்' என்னும் எந்திரத்தை அனுப்பினார். பிரான்சின் மேற்குக் கடற்கரையில் லா ரோஷெல் நகரத்தில் ஷார்க் ரோபாட்டிக்ஸ் என்னும் நிறுவனம் பாரிஸ் தீயணைப்புப் படையோடு கலந்து உருவாக்கியது அது. எடை ஏறக்குறைய அரை டன், மின்கலத்தால் இயங்குவது, பீரங்கி வண்டியைப்போல் சங்கிலிச் சக்கரம் உடையது. தன் பின்னே நீர் நிறைந்த குழாயை இழுத்துக்கொண்டு சென்று, நிமிடத்திற்கு 3,000 லிட்டர் வரையில் பீச்ச வல்லது. வெளியே நின்ற ஒருவர் கையிலிருந்த பலகையைக் கொண்டு அதை இயக்கினார். சென்ற இடத்தில் கல் விழுந்தால் நசுங்குவது இரும்பு மட்டுமே.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அதே இரவில் வடக்கு மணிக்கூண்டிலும் தீ பரவியது. மணிகளைத் தாங்கிய மரச்சட்டம் எரிந்து மணிகள் விழுந்திருந்தால் கூண்டும், அதைத் தொடர்ந்து முகப்பும் சரிந்திருக்கும் என்று அஞ்சினர். அந்தக் குறுகிய சுழற்படிகளில் எந்த எந்திரமும் ஏற இயலாது. ஒரு சிறு குழுவினர் கையில் குழாயோடு ஏறினார்கள். கூண்டைக் காத்தவர்கள் அவர்களே. ஓவியர் வான் டெர் ஹெய்டனின் குழாயும் லா ரோஷெல் எந்திரமும் ஒரே இரவில், ஒரே கூரையின்கீழ், தத்தம் வேலையைச் செய்தன. உயிரிழந்தோர் ஒருவருமில்லை. 2024-ஆம் ஆண்டு டிசம்பரில் பேராலயம் மீண்டும் திறக்கப்பட்டது.

இனிக் காட்டுக்குத் திரும்புவோம். ஓடும் தீயின் தலைக்கு எதிரே எந்திரத்தைக்கூட நிறுத்தி வெல்ல முடியாது என்பதை மேலே கண்ட 11 அடிக் கணக்கே சொல்லிவிடுகிறது. ஒரு கிலோ உலர்ந்த மரம் எரியும்போது வெளிவிடும் வெப்பம் முழுவதையும் விழுங்க வேண்டுமானால் ஏறக்குறைய ஏழு லிட்டர் நீர் ஆவியாக வேண்டும். காட்டிலோ ஏக்கருக்குப் பல டன் விறகு கிடக்கிறது. எரிவதை அணைக்க நினைத்தால் ஆறே வேண்டும். எரியப்போவதை முன்கூட்டியே நனைப்பதற்கோ அவ்வளவு வேண்டாம். பைன் சருகில் ஈரம் அதன் உலர்ந்த எடையில் ஏறக்குறைய நூற்றுக்கு 25 முதல் 30 பங்கை எட்டிவிட்டால், நெருப்பு அதில் தொடர்ந்து ஓட முடியாமல் நின்றுவிடும். ஒரு கிலோமீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் உள்ள பட்டையின்மேல் ஐந்து மில்லிமீட்டர் மழை பெய்வித்தால் ஆகும் நீர் 1,50,000 லிட்டர். நாம் காணும் தண்ணீர் லாரிகளில் சொன்னால் பன்னிரண்டு பதின்மூன்று லாரி. பெரிய அளவுதான், எனினும் மனித முயற்சிக்கு எட்டாததன்று.

இக்கணக்கை நம்பி ஸ்பெயின் நாட்டில் ஒரு முயற்சி நடந்தது. வலென்சியா நகரை அடுத்து, தூரியா ஆற்றின் ஓரமாக ரீபா-ரோஜா, பதேர்னா என்னும் ஊர்கள் உள்ளன. அங்கே பைன் காடும் குடியிருப்பும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. வீட்டுத் தோட்டம் முடியுமிடம் எது, காடு தொடங்குமிடம் எது என்று பிரித்தறிய இயலாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவியோடு, 'கார்டியன்' என்ற பெயரில், இவ்வூரார் காட்டின் விளிம்பில் உயர்ந்த தூண்களை வரிசையாக நட்டு, ஒவ்வொன்றின் உச்சியிலும் தண்ணீர்ப் பீரங்கியைப் பொருத்தினர். தரையிலிருந்து பீச்சினால் கிளைகள் மறிக்கும். ஆகவே தூண்கள் மரங்களின் தலைக்கு மேலே எழுந்து நிற்கின்றன. அருகில் யாரும் நிற்பதில்லை. தொலைவிலுள்ள நிலையத்திலிருந்து இயக்குகிறார்கள். வெயிலும் உலர்காற்றும் கூடி வரும் நாட்களில், தீ வருமுன்பே அக்காட்டு விளிம்புக்குச் செயற்கை மழை பெய்விப்பதே இதன் முதற்பணி. எளிதில் பற்றாத செடி மரங்களை நட்டுப் பசும்பட்டை ஒன்றையும் உடன் வளர்த்தனர்.

நம்மை மிகவும் கவர்ந்தது அவர்கள் தேர்ந்த தண்ணீர். வறண்ட அந்நாட்டில் கோடையில் காட்டுக்கு ஊற்றக் குடிநீர் ஏது? ஊரின் கழிவுநீரைச் சுத்திகரித்து, அதையே இத்தூண்களுக்குச் செலுத்துகிறார்கள். வீட்டில் பாத்திரம் கழுவிய நீர் சுற்றிச் சென்று அவ்வீட்டையே காக்கத் திரும்பி வருகிறது. நம் தாய்மார் அரிசி களைந்த நீரைக் கீரைப் பாத்திக்கு விடுவார்களே, அந்தச் சிக்கனத்தின் பெரிய தம்பி இது.

இத்தகைய மழை உயிர் காத்ததற்கு எடுத்துக்காட்டுகள் உண்டு. ஆஸ்திரேலியாவில், சிட்னி நகருக்கு வடமேற்கே மலைப்பள்ளத்தாக்கு ஒன்றில் வொல்லெமை பைன் என்னும் மரங்கள் நிற்கின்றன. புதைபடிவங்களில் மட்டுமே கண்ட இனத்தைச் சேர்ந்தவை. 1994-ஆம் ஆண்டில்தான் உயிரோடு இருப்பது தெரிய வந்தது. காட்டில் முதிர்ந்த மரங்கள் நூற்றுக்கும் குறைவே. அவை நிற்குமிடம் இன்றளவும் இரகசியம். 2019-ஆம் ஆண்டின் இறுதியில் ஐந்து இலட்சம் ஹெக்டேருக்கு மேல் தின்ற கோஸ்பர்ஸ் மலைத்தீ அப்பள்ளத்தாக்கை நோக்கி வந்தது. ஹெலிகாப்டரிலிருந்து கயிற்றில் இறங்கிய வீரர்கள் மரங்களிடையே நீர்தெளிப்புக் குழாய்களை அமைத்து, ஓடை நீரைக் கொண்டு நிலத்தை நனைத்தனர். விமானங்கள் சுற்றிலும் தீத்தடுப்பு மருந்தைச் சொரிந்தன. பிறகு புகை மூடிற்று. உள்ளே என்ன ஆயிற்றென்று நாட்கணக்கில் ஒருவருக்கும் தெரியவில்லை. புகை விலகியபோது, சில மரங்கள் கருகியிருந்தன. பெரும்பாலானவை பச்சையாக நின்றன. எரியும் நேரத்தில் அங்கே ஒரு மனிதன் நிற்க வேண்டிய தேவை இல்லாமற் போனதே இதிலுள்ள சிறப்பு.

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்திலும் இதுவே நடந்தது. 1999-ஆம் ஆண்டு ஜூலை 4-ஆம் நாள் வீசிய புயல் அங்கே எல்லைப்புறக் காட்டில் எண்ணற்ற மரங்களைச் சாய்த்துவிட்டது. சாய்ந்த மரம் என்றேனும் எரியும் என்றறிந்த ஏரிக்கரை வீட்டார், அரசின் உதவி பெற்றுக் கூரைமேல் நீர்தெளிப்பான்களை அமைத்து, ஏரிநீரை இறைக்க எரிவாயுவால் ஓடும் பம்புகளை வைத்தனர். ஆண்டுகள் சில கழிந்தன. வீண்செலவு என்று முணுமுணுத்தோரும் இருந்திருப்பர். 2007-ஆம் ஆண்டு மே மாதம் ஹாம் ஏரித் தீ வந்தபோது நூற்றுக்கு மேற்பட்ட கட்டடங்கள் எரிந்தன. தெளிப்பான் ஓடிய வீடுகளோ மிகப் பெரும்பாலும் தப்பின.

ஆயின் எங்கே தடுக்குகிறது? குழல்முனையில் அன்று, அதன் மறுமுனையில். 2025-ஆம் ஆண்டு ஜனவரி 7-ஆம் நாள் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் பாலிசேட்ஸ் பகுதியில் தீ மூண்டபோது, அம்மேட்டுப் பகுதிக்கு நீரளித்தவை ஒவ்வொன்றும் ஏறக்குறைய 38 இலட்சம் லிட்டர் கொள்ளும் மூன்று தொட்டிகள். நாள்தோறும் வீடுகளுக்கு ஆகும் நீரைப்போல் நான்கு மடங்கு நீர் பதினைந்து மணி நேரம் தொடர்ந்து உறிஞ்சப்பட்டது. மாலையில் முதல் தொட்டியும், இரவில் இரண்டாவதும், விடியற்காலை மூன்று மணிக்கு மூன்றாவதும் வறண்டன. மேட்டிலிருந்த தீயணைப்புக் குழாய்களைத் திறந்தபோது காற்றே வந்தது. அருகில் 44 கோடி லிட்டர் கொள்ளும் நீர்த்தேக்கம் ஒன்று, மூடி கிழிந்ததைப் பழுதுபார்ப்பதற்காகப் பல மாதங்களாக வெறுமையாய்க் கிடந்தது. அது நிறைந்திருந்தால் ஊர் முழுவதும் பிழைத்திருக்கும் என்று நாம் சொல்லவில்லை. அப்பெருங்காற்றில் அது ஐயமே. 6,800-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. அவற்றுள் அப்பகுதி மக்களின் கார்ப்பஸ் கிறிஸ்டி பங்கு ஆலயமும் ஒன்று. ஹவாய் மாநிலத்தின் லஹாய்னா நகரம் 2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு 8-ஆம் நாள் எரிந்து 102 பேர் மாண்டபோது, வேறொரு கொடுமையும் சேர்ந்தது. எரிந்த வீடு ஒவ்வொன்றிலும் உடைந்த குழாய் வழியே நீர் கசிந்தோட, நின்றிருந்த வீடுகளைக் காக்க வேண்டிய அழுத்தம் குறைந்துபோயிற்று.

மின்சாரத்தின் கதையும் இத்தகையதே. பெருங்காற்று வீசும் நாளில் கம்பிகள் உரசித் தீப்பொறி சிதறுமென்று மின்நிறுவனங்களே இணைப்பைத் துண்டிப்பதுண்டு. எந்நாளில் பம்பு ஓட வேண்டுமோ அந்நாளில் மின்சாரம் இராது. ஆகவே இத்தகைய அமைப்பை நிறுவுவோர், நீருக்குத் தனித் தொட்டியும் பம்புக்குத் தனி எண்ணெயும் வைக்காமல் வேலையைத் தொடங்குவது, விளக்கு வாங்கி எண்ணெய் மறந்த கன்னியரின் செயலையே ஒக்கும்.

பொறிகளைப்பற்றியும் ஒரு சொல். காட்டுத்தீயில் வீடுகள் பெரும்பாலும் எரிவது சுடர் வந்து தீண்டுவதால் அன்று. காற்றில் பறந்து வரும் கொள்ளிப் பொறிகளாலேயே. அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் ஜாக் கோஹன் பல ஆண்டுகள் ஆராய்ந்து காட்டிய உண்மை இது. காடு உச்சிவரை எரிந்தாலும் ஏறக்குறைய 30 மீட்டருக்கு அப்பாலுள்ள மரச்சுவர் அவ்வெப்பத்தினால் மட்டும் பற்றுவதில்லை என்று கனடா நாட்டுக் காட்டில் சுவர்களை நட்டு எரித்தே சோதித்தார். ஆனால் பொறியோ பல நூறு மீட்டர், சில வேளை கிலோமீட்டர்க்கணக்கில், பறந்து வந்து கூரைத் தாழ்வாரத்துச் சருகில் அமரும். இதை நமக்கு ஆய்வாளர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நாம் இளங்குருவாய் இருந்த பங்கில் ஒரு பங்குனி நண்பகலில் ஓலைக்கூரை ஒன்று பற்றிக்கொண்டபோது, ஊரே அவ்வீட்டின் முன் வாளியோடு நிற்க, நான்கு வீடு தாண்டி ஐந்தாவது கூரை புகையத் தொடங்கிய காட்சி இன்னும் நம் கண்ணில் நிற்கிறது. தீயை நோக்கி நின்ற நாங்கள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு சிறுமிதான் கூவினாள்.

ஜப்பான் நாட்டு ஷிராகவாகோவின் ஓகிமாச்சி கிராமத்தார் திரும்பிப் பார்க்கத் தெரிந்தவர்கள். அவர்களுடைய வீடுகளின் செங்குத்தான புல்கூரைகள் கைகூப்பி வணங்கும் தோற்றமுடையவை, பெயரும் அப்பொருளதே. ஒரு பொறி போதும், ஊர் போய்விடும். எனவே ஊரெங்கும் 59 தண்ணீர்ப் பீரங்கிகளை நிறுவியிருக்கிறார்கள். நீர் மேட்டிலுள்ள தொட்டியிலிருந்து தன் எடையாலேயே பாய்ந்து வருகிறது, மின்சாரம் வேண்டியதில்லை. தொலைவிலிருந்து இயக்கும் நுட்பமும் இல்லை. வால்வைத் திறப்போர் அவ்வூராரே. ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில் அத்தனையையும் ஒருசேரத் திறந்து ஒத்திகை பார்க்கிறார்கள். 2019-ஆம் ஆண்டு நவம்பர் 4-ஆம் நாள் வண்டி நிறுத்துமிடத்துக் குடில்கள் எரிந்தபோது, பீரங்கிகள் கூரைகளை நனைத்துத் தீ பரவாமல் காத்தன. விலையுயர்ந்த எந்திரம் வாங்கிக் கொட்டகையில் பூட்டி வைத்துவிட்டு, சாவி யாரிடம் என்று அபாய வேளையில் தேடும் ஊர்களை விட இவ்வூர் எவ்வளவோ மேல்.

மீண்டும் லிண்டனுக்கு வருகிறோம். அந்த ஐவரின் சாவைப்பற்றி நடந்த மரண விசாரணை நீண்ட நாட்கள் தொடர்ந்து, 2002-ஆம் ஆண்டில் அறிக்கை வெளிவந்தது. இன்று அந்நாட்டுக் காட்டுத்தீ வண்டிகள் பலவற்றில் ஓட்டுநர் அறையிலிருந்தே இயக்கும் பீரங்கி முகப்பில் இருக்கிறது. வீரர்கள் அமரும் இடத்தைச் சுற்றி, ஒரு விசையைத் தட்டினால் நீர்த்திரை விழும். சன்னல்களில் வெப்பம் தடுக்கும் திரைகள் உண்டு. தொட்டியின் அளவுமானியில் ஒரு குறி இருக்கிறது. நீர் அக்குறிக்கு இறங்குமுன் வண்டி வேலையை நிறுத்திவிட்டு நிரப்பத் திரும்ப வேண்டும். எதிரே எது எரிந்தாலும் அந்தக் கடைசி நீரைத் தீயின்மேல் விடக் கூடாது. அது வண்டியிலுள்ளவர்களுக்கு உரியது.